டீச்சரின் பசி

சாவிக்காரரின் மனைவியை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் அவரும் அப்படித்தான். சாக்பீஸ் பிடிக்கிற டீச்சர் இல்லை, பொது நீச்சல்குளத்தில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் நீச்சல் சொல்லிக்கொடுத்தவள். தண்ணீரைப் பார்த்தாலே வீறிடுகிற குழந்தையை அவள் கையில் கொடுத்தால் போதும். வயிற்றுக்குக் கீழே ஒரு கையை வைத்துக்கொண்டு, என்னென்னவோ கதை அளந்தபடியே குளத்தின் நடுவுக்குக் கூட்டிப்போய்விடுவாள். அவள் கையை எப்போது எடுத்தாள் என்று குழந்தைக்கே தெரியாது.

அவர்கள் கல்யாணம் ஒரு பூட்டில்தான் தொடங்கியது. உடை மாற்றுகிற அறையின் சாவி சாக்கடைக்குள் விழுந்துவிட்டது என்று குளத்திலிருந்து ஆள் வந்து அவரைக் கூட்டிப்போனார்கள். உலர்ந்த துணியெல்லாம் உள்ளே மாட்டிக்கொள்ள, ஈரம் சொட்டச் சொட்டத் துண்டைப் போர்த்திக்கொண்டு கதவோரம் நின்றிருந்தாள்.

"கொஞ்சம் சீக்கிரம் திறங்க சார். பல்லு தந்தியடிக்குது."

கண்ணை மூடிக்கொண்டு திறக்கக்கூடிய பூட்டு அது. அவரோ கம்பியை மாற்றி மாற்றி விட்டு, வேண்டுமென்றே இழுத்தடித்தார். கல்யாணமான பிறகு அதைச் சொல்லிச் சொல்லியே அவரை ஒரு வழி பண்ணுவாள்.

"தொழில் தெரியாத ஆளுன்னு நெனச்சேன், தெரியுமா?"

"நீ பேசிக்கிட்டே இருந்த. நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். பூட்டு எங்கே ஓடிடப் போகுது?"

பிள்ளை பிறக்கவில்லை. முதலில் சில வருஷம் அது இரண்டு பேரையும் உள்ளுக்குள் அரித்தது, பிறகு பழகிவிட்டது. கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த முக்கோண இடம்தான் அவர் கடை. மத்தியான இடைவேளையில் அவள் குளத்திலிருந்து நேராக அங்கே வருவாள். ஈரத் தலையும் குளோரின் வாசனையுமாகக் குனிந்து நுழைந்து, அவர் உட்கார்ந்திருக்கிற பலகையிலேயே இடித்துக்கொண்டு உட்கார்ந்து டீ குடிப்பாள். அவர் வேலை செய்வதைப் பார்த்துப் பார்த்தே சின்னப் பூட்டுகளைக் கம்பியால் திறக்கக் கற்றுக்கொண்டாள். "குளத்தை மூடிட்டாங்கன்னா திருடியாவது பொழைச்சுக்குவேன்" என்று சிரிப்பாள்.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவள்தான் ஒருநாள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "தண்ணிக்குள்ள பேசுறாங்க" என்றாள்.

"யாரு?"

"தெரியல. என் பேரைச் சொல்லித் திட்டுறாங்க."

காதுக்குள் தண்ணீர் போயிருக்கும் என்று நினைத்து அவர் காது டாக்டரிடம் கூட்டிப்போனார். சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார்கள். அவரும் அவளை மடியில் சாய்த்து, வேளை தவறாமல் சொட்டு விட்டார். பின்னாளில் அதை நினைத்தாலே அவருக்குத் தன்மேலேயே எரிச்சல் வரும். பேசுகிறவர்கள் நிற்கவில்லை. குளத்தில் மட்டும் பேசியவர்கள் வீட்டுக் குழாயிலும் பேச ஆரம்பித்தார்கள். அவள் குளிப்பதைக் குறைத்தாள், தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். தண்ணீரில் என்னவோ கலந்துவிட்டார்கள் என்றாள்.

ஒரு காலை குளத்து மேனேஜர் போன் பண்ணினார். "உடனே வாங்க. உங்க சாமானையும் எடுத்துக்கிட்டு வாங்க" என்றார். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே டீச்சர் அலறிப் புடைத்து எல்லாப் பிள்ளைகளையும் கரையேற்றிவிட்டு, உடை மாற்றுகிற அறைக்குள் போய் உள்பக்கமாகப் பூட்டிக்கொண்டாளாம். கூப்பிட்டால் பதில் இல்லை.

சாவிக்காரர் கம்பியைப் பூட்டுக்குள் விட்டார். கம்பி கீழே விழுந்தது, எடுத்தார், மறுபடியும் விழுந்தது. கதவு திறந்தபோது அவள் கைகழுவுகிற தொட்டிக்குக் கீழே சுருண்டு, இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் கேட்டாள்: "பிள்ளைங்க எல்லாம் வெளிய வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க டீச்சர். எல்லாரும் வந்துட்டாங்க."

அதற்குப் பிறகுதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. சின்னக் குரல், ஆனால் எதையும் சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். "இது மனநோய். யாரும் வெக்கப்பட வேண்டியதில்ல. மருந்து இருக்கு" என்றார். முதலில் கொடுத்த மருந்தில் அவளுக்கு உடம்பு விறைத்தது. தோளை அசைக்காமல் மரப்பாச்சி மாதிரி நடந்தாள், கை உதறியது. அதை நிறுத்திவிட்டு இன்னொன்று கொடுத்தார்கள். அது உடனே வேலை செய்யவில்லை. மெல்ல மெல்லத் தூக்கம் வந்தது. தண்ணீர் குடித்தாள். ஒருநாள் காலை துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நின்னுடுச்சுங்க."

"என்ன நின்னுடுச்சு?"

"பேச்சு. எழுந்ததுலேர்ந்து யாரும் பேசல."

சாவிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்றைக்கு அவர் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய், சாயங்காலம் வரை அப்படியே வியாபாரம் பார்த்தார். டீக்கடைக்காரர் சொன்ன பிறகுதான் பார்த்தார், அப்போதும் மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை.

அந்தச் சந்தோஷத்தின் பின்னாலேயே பசி வந்தது.

ஆரம்பத்தில் யாருக்கும் அது பசி என்று படவில்லை. சாப்பிடாமல் துரும்பாகக் கிடந்தவள் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாளே என்று அவர் பூரித்துப்போனார். டீச்சரின் அக்கா வந்து பார்த்துவிட்டு, "முகத்துல களை வந்துடுச்சு, தம்பி. இப்பத்தான் பாக்க ஆளா இருக்கா" என்றாள். சோறு இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாள், மூன்றாம் தடவையும் போட்டுக்கொண்டாள். கை கழுவிவிட்டு வந்து ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தாள். அவர் வாங்கி வைக்கிற பிஸ்கட் அலமாரிக்குள் போவதற்கு முன்பே தீர்ந்தது. ஒருநாள் சர்க்கரை டப்பாவுக்குள் ஸ்பூனை விட்டு அப்படியே வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் பார்த்துவிட்டார் என்று தெரிந்தும் அவளால் நிறுத்த முடியவில்லை. கண் மட்டும் கலங்கியது.

"என்ன டீச்சர் இது?"

"சாப்பிட்டு எழுந்திரிக்கும்போதே பசிக்குதுங்க. வயிறு முட்டுது, மூச்சு வாங்குது, ஆனாலும் பசிக்குது. வயித்துக்கும் பசிக்கும் சம்பந்தமே இல்லாமப் போயிடுச்சு."

ஜாக்கெட்டைப் பிரித்துத் தைத்தார்கள். பிரிக்கத் துணி இல்லாமல் போனதும் புதிதாகத் தைத்தார்கள். அதுவும் போதவில்லை. மோதிரம் விரலில் சிக்கிக்கொண்டது. பூட்டுக்கு விடுகிற எண்ணெயைத் தடவி, நூலைச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக அவர்தான் கழற்றினார். தெருவில் பார்க்கிறவர்களுக்கு வாய் சும்மா இருக்குமா? "என்ன டீச்சர், ஊதிட்டீங்க? சார் நல்லாப் போடுறாரு போல!" முதலில் சிரித்துச் சமாளித்தாள். பிறகு தெருவின் மறுபக்கமாக நடந்தாள். ஒருநாள் மத்தியானம் பழைய ஞாபகத்தில் கடைக்கு வந்து, குனிந்து நுழையப் பார்த்தாள். இடுப்பு படியின் இரும்புச் சட்டத்தில் தட்டியது. "வெளியவே காத்தாட இருக்கு" என்று சொல்லி நின்றுகொண்டே டீ குடித்தாள். சாவிக்காரரும் தன் டீயை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வெயிலில் அவள் பக்கத்தில் நின்றார்.

மேனேஜர் நல்ல மனிதர். "டீச்சர் எப்ப வேணா வரட்டும், எடம் அப்படியே இருக்கு" என்று சொல்லி அனுப்பினார். பெரிய அளவில் நீச்சல் உடுப்பு வாங்கிக்கொண்டு அவளும் போனாள். முதல் நாளே ஒரு வாண்டுப்பெண் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "டீச்சர், உள்ள பாப்பா இருக்கா?" என்று கேட்டதாம்.

"ஆமாடி கண்ணு. தூங்குது. சத்தம் போட்டா எழுந்துடும்."

அன்றைக்கு வகுப்பு முழுக்கப் பிள்ளைகள் கிசுகிசுவென்றே பேசினார்களாம். வீட்டுக்கு வந்து அதை விழுந்து விழுந்து சிரித்துச் சொன்னாள். சாவிக்காரரும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு இரண்டு பேருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

போய்க்கொண்டுதான் இருந்தாள். அப்புறம் ஒருநாள் வகுப்பு முடிந்து குளத்து ஏணியில் ஏறும்போது கை தாங்கவில்லை. இரண்டு முறை ஏறிப் பார்த்து, இரண்டு முறையும் தண்ணீருக்குள்ளேயே விழுந்தாள். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த அம்மாக்கள் மேலேயிருந்து கையைப் பிடித்து இழுத்தார்கள். ஒருத்தி உடுப்போடு இறங்கிக் கீழேயிருந்து தள்ளினாள். பிள்ளைகள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அவள் போகவில்லை, அதற்கடுத்த நாளும் போகவில்லை.

"தண்ணிக்குள்ள கனமே தெரியலங்க" என்றாள். "வெளிய வரும்போதுதான்."

அந்தச் சமயத்தில்தான் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருப்பது தெரிந்தது. கொழுப்பும் ஏறியிருந்தது. டாக்டரம்மா முடிவைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "இந்த மருந்துக்கு அப்படி ஒரு குணம் இருக்கு. பசியைத் தூண்டிவிடும். சர்க்கரை, கொழுப்பு, எடை எல்லாத்தையும் ஏத்தும். எல்லாருக்கும் இப்படி ஆகுறதில்ல. இவங்களுக்கு ரொம்பவே ஆகுது. இது இவங்க தப்பு இல்ல."

"அப்ப யாரு தப்பும்மா?" என்று கேட்டார் சாவிக்காரர். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

டாக்டரம்மா சர்க்கரைக்கு ஒரு மாத்திரை எழுதினார். நடக்கச் சொன்னார், இன்னின்னதைக் குறைக்கச் சொன்னார். நாக்கைக் கட்ட வேண்டும் என்று சொல்வது யாருக்கும் சுலபம். வீட்டுக்கு வந்து கட்டிப்பார்ப்பவளுக்குத்தான் தெரியும்.

சாவிக்காரர் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். சமையலறை அலமாரிக்குப் பூட்டுப் போட்டார். ரொட்டி, பிஸ்கட், சர்க்கரை எல்லாம் உள்ளே. டீச்சரிடம் சொல்லிவிட்டுத்தான் போட்டார். அவளும் "போடுங்க, நல்லதுதான்" என்று தலையாட்டினாள். சாவி அவர் இடுப்பில் இருந்தது. பூட்டும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் பூட்டினார்.

சர்க்கரை இறங்கவில்லை. பண்டம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. ஒரு காலை அவர் பூட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சாவித் துளையின் ஓரத்தில் மயிரிழை மாதிரி இரண்டு கீறல். வேறு யார் கண்ணுக்கும் படாது. திறந்து, எடுத்து, மறுபடியும் சுத்தமாகப் பூட்டி வைத்திருக்கிறாள். கற்றுக்கொடுத்தவருக்கு அந்த நேரத்திலும் ஒரு நொடி, நன்றாகத்தான் செய்திருக்கிறாள் என்று தோன்றிவிட்டது. அது அவரை இன்னும் குறுகவைத்தது.

அவள் பின்னால் வந்து நின்றாள். "பூட்டுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"பூட்டு கிடக்குது, விடு. நீ ஏன் என்கிட்ட கேக்கல?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

அவர் விரலால் அந்தக் கீறலைத் தடவினார்.

"பசி வரும்போது நான் டீச்சரும் இல்ல, உங்க பொண்டாட்டியும் இல்லங்க. வெறும் வாய்தான் இருக்கு. அந்த நேரத்துல உங்களைப் பாத்தா எனக்கு வெறுப்பா இருக்கு. அப்படி வெறுக்க வேண்டாம்னுதான் நானே திறந்துக்கிட்டேன்."

அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து பூட்டையும் கொண்டியையும் கழற்றிப் போட்டார். கதவில் நான்கு ஓட்டை மட்டும் நின்றது.

அக்கா அடுத்த முறை வந்தபோது தங்கையைப் பார்த்துத் திடுக்கிட்டாள். அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, நோய்தான் போயிடுச்சே? அப்புறம் எதுக்கு இந்த மருந்து? நிறுத்துங்க, உடம்பு தானா வத்திடும். இப்படியே விட்டா மாரடைச்சுச் செத்துப்போயிடுவா" என்றாள். அவள் சொன்னதில் ஒரு பாதி தவறு, ஒரு பாதி தவறில்லை என்று அவருக்குத் தெரியும். எந்தப் பாதிக்குப் பதில் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

"நிறுத்த முடியாதுக்கா. மாத்த முடியுமான்னு கேக்குறேன்."

டாக்டரம்மாவிடம் கேட்டார். அவரும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். "மாத்திப் பாக்கலாம். எடை அவ்வளவா ஏறாத மருந்து ஒண்ணு இருக்கு. ஆனா இவங்களுக்கு அது கேக்குமான்னு கொடுத்துப் பாத்தாதான் தெரியும். ஏதாவது வித்தியாசமா இருந்தா உடனே வரணும். மறைக்கக் கூடாது." டீச்சர் மளமளவென்று தலையாட்டினாள்.

பழைய மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, புதியதைக் கூட்டினார்கள். சில வாரத்தில் ஒரு மத்தியானம் அவள் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தினாள். "போதும்" என்றாள். தட்டில் மிச்சம் சோறு இருந்தது. இரண்டு பேரும் அந்தச் சோற்றையே உற்றுப் பார்த்தார்கள். பிறகு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்தத் தட்டைக் கழுவ இரண்டு பேருக்குமே மனசு வரவில்லை.

முகம் வடிந்தது. காலை நடையில் அவருக்கு முன்னால் போனாள். பெட்டிக்கு அடியில் கிடந்த பழைய ஜாக்கெட்டில் ஒன்று பொருந்தியது. சர்க்கரை இறங்கியது. "ஆழமில்லாத பக்கம் மட்டும் நின்னு சொல்லிக்கொடுக்கிறேனே" என்று மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு, வாரத்தில் சில நாள் குளத்துக்கும் போனாள். கடைக்கு மறுபடியும் ஈரத் தலையோடு வந்தாள். சாவிக்காரர் கண் பட்டுவிடுமோ என்று பயந்து, அக்காவிடம்கூட வாய் விட்டுச் சொல்லவில்லை.

சமையலறைக் குழாயின் வாயில் ஒரு துணி கட்டியிருந்ததை அவர் அந்த நாட்களில்தான் ஒருமுறை பார்த்தார். வடிகட்டுவதற்கு என்று நினைத்துக்கொண்டார். பிறகு குளியலறைக் குழாயிலும் கட்டியிருந்தது. இறுக்கமான கட்டு, முடிச்சுக்கு மேல் முடிச்சு. தண்ணீர் வருவதற்காகக் கட்டியது இல்லை.

"எத்தனை நாளா டீச்சர்?"

அவள் மறைக்கவில்லை. "மெதுவாத்தான் பேசுறாங்க. முன்ன மாதிரி இல்ல. நான் பதில் பேசுறதில்ல."

"டாக்டரம்மாகிட்ட சொல்லணும்ல?"

அவ்வளவுதான். அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "வேண்டாங்க. உங்க கால்ல விழுறேன். என்னால சமாளிக்க முடியும். இத்தனை நாளுக்கப்புறம் இப்பத்தான் நான் நானா இருக்கேன். கண்ணாடி பாக்குறேன். வயிறு நெறையுது. திட்டினா திட்டிட்டுப் போகட்டும், பழகிக்கிறேன். திரும்ப அந்தப் பசிக்குள்ள என்னைத் தள்ளாதீங்க."

அவர் டாக்டரம்மாவிடம் உடனே சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் பார்ப்போம், இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டார். அப்படித் தள்ளிப்போட்ட ஒரு நாளில் மேனேஜர் போன் பண்ணினார். டீச்சர் ஒன்றும் பண்ணவில்லையாம். ஆனால் வகுப்பு நடுவில் ஒரு பிள்ளையைத் தூக்கிக் கரையில் வைத்துவிட்டு, தண்ணீரையே வெறித்துக்கொண்டு நின்றாளாம். கூப்பிட்டும் திரும்பவில்லையாம். பிள்ளைகள் தண்ணீருக்குள் இருந்தார்கள் என்றார் மேனேஜர்.

சாவிக்காரர் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். டீச்சர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சொல்கிறவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா புதிய மருந்தின் அளவைக் கூட்டிப் பார்த்தார். பேச்சு அடங்கவில்லை, பெருகியது. இன்னொரு மருந்தையும் பார்த்தார்கள், அது அவளை உட்காரவிடாமல் வீடு முழுக்க நடக்கவைத்தது. கடைசியில் பழைய மருந்துக்கே வந்து சேர்ந்தார்கள். பேச்சு நின்றது. பசி திரும்பியது.

பழைய மருந்தை எழுதி வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கு அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: "உங்களுக்குப் புத்தி சரியா இருக்குற பொண்டாட்டி வேணும். எனக்கு என் உடம்பு வேணும். ரெண்டும் ஒரே ஆளுகிட்ட கிடைக்கல. உங்க மேல கோவம் இல்ல. ஆனா நீங்கதான் சொன்னீங்க."

"நான்தான் சொன்னேன்" என்றார் அவர்.

அதற்குப் பிறகு வருஷம் ஓடிவிட்டது. டீச்சர் இப்போது முன்பைவிடக் கனமாக இருக்கிறாள். முழங்கால் பிடித்துக்கொள்கிறது. சர்க்கரை மாத்திரை ஒன்று இரண்டாகிவிட்டது, ரத்த அழுத்தத்துக்கும் ஒன்று சேர்ந்துவிட்டது. குளத்துக்குப் போவதில்லை. மேனேஜர் சீட்டுக் கொடுக்கிற இடத்தில் உட்காரச் சொல்லிப் பார்த்தார். பிள்ளைகள் தண்ணீரில் குதிக்கிற சத்தம் அங்கே கேட்கும் என்று வேண்டாம் என்றுவிட்டாள். வீட்டு வேலை செய்கிறாள், டிவி பார்க்கிறாள், சில நாள் அவரோடு நடக்கிறாள், சில நாள் மாட்டேன் என்கிறாள். அவரும் வற்புறுத்துவதை விட்டுவிட்டார். அவள் சாப்பிடும்போது அவர் ஏதாவது வேலை இருக்கிற மாதிரி எழுந்துபோவார். அவர் எழுந்துபோவது எதற்கு என்று அவளுக்கும் தெரியும்.

போன முறை ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது ஆஸ்பத்திரியில் கூட்டம். வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்பதால் முதல்நாள் சாயங்காலத்துக்குப் பிறகு அவள் பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் தொடவில்லை. மற்றவர்களுக்கு அது ஒரு வேளைப் பட்டினி. அவளோ நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர் வரிசையில் ஒருத்தி பையிலிருந்து பிஸ்கட் எடுத்துத் தன் குழந்தைக்குக் கொடுத்தாள். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள்.

ரத்தம் எடுத்துவிட்டு, முழங்கையை மடித்துப் பஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"பசிக்குதுங்க."

"இரு. வாங்கிட்டு வர்றேன்."

கேன்டீனில் கண்ணாடிக்குப் பின்னால் எல்லாம் அடுக்கியிருந்தது. சாவிக்காரர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மா சாப்பிடச் சொன்னது ஒரு பக்கம் இருந்தது. அவளுக்குப் பிடித்தது இன்னொரு பக்கம் இருந்தது. பின்னால் நின்றவர், "சார், வாங்குறீங்களா இல்லையா?" என்றார். சாவிக்காரர் அவித்த முட்டையும் ஒரு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு நகர்ந்தார். பாதி வழியில் நின்று, திரும்பிப் போய், ஒரு துண்டு கேக்கும் வாங்கினார்.

அவள் மூன்றையும் சாப்பிட்டாள். அவர் எழுந்துபோகவில்லை. வராந்தாவில் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

காகிதத்தில் ஒட்டியிருந்த கடைசித் துணுக்கையும் விரலால் ஒற்றி எடுத்துவிட்டு, அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் பசிக்குது."

"தெரியும்" என்றார் அவர்.